டாக்டர் பதில்கள்: மெயின் குழாயில ஆபரேஷன், குடலுக்கு யாரு காவல்?

போன தடவை வயித்துக்குள்ள ஓடுற பெரிய ரத்தக்குழாய், அதாங்க மகாதமனி, எங்க ஆளுங்க வாயில அயோர்ட்டா, அது பலூன் மாதிரி வீங்கிப்போறதைப் பத்தி எழுதிட்டு கடைசியில போற போக்குல "ஆபரேஷன் நல்லா முடிஞ்சாலும் குடலுக்கு ரத்தம் போகுதான்னு பார்த்துக்கணும்"னு ஒரு வரி விட்டுட்டேன். வந்த கேள்வில முக்கால்வாசி அந்த ஒரு வரிக்குத்தான். சரி, இந்த தடவை முழுக்க குடலுக்கே ஒதுக்கிடலாம். ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன், நான் சர்ஜன் இல்ல, மயக்க மருந்து டாக்டர். திரைக்கு தலைமாட்டுப் பக்கம் நிக்கிற ஆளு. அதனால பதில்லயும் கொஞ்சம் அந்தப் பக்கத்து சாய்வு இருக்கும், பொறுத்துக்கோங்க.

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு 68 வயசு. ஸ்கேன்ல அயோர்ட்டா 5.8 சென்டிமீட்டர்னு வந்து, வயித்தைத் திறந்து ஆபரேஷன்னு முடிவாயிருக்கு. கையெழுத்து வாங்கும்போது "பெருங்குடலுக்கு ரத்தம் குறையலாம், அப்படி ஆச்சுன்னா ஒரு பகுதியை எடுக்க வேண்டி வரலாம்"னு சொன்னாங்க. தூக்கிவாரிப் போட்டுது. வீக்கம் ரத்தக்குழாயில, நடுவுல குடல் எங்கேர்ந்து வந்துது? (ஒரு மகள்)

பதில்: பயம் வர்றது நியாயம்தாம்மா. ஆனா இதை வாய்விட்டு சொன்ன டாக்டர் நல்ல டாக்டர்னு வச்சுக்கோங்க.

அயோர்ட்டாவை ஒரு பெரிய வாய்க்கால்னு நினைச்சுக்கோங்க. இதயத்துலேர்ந்து கிளம்பி, நெஞ்சு வழியா வயித்துக்குள்ள இறங்கி, தொப்புள் மட்டத்துல ரெண்டா பிரிஞ்சு காலுக்குப் போயிடும். சாதாரணமா வயித்துல அதோட அகலம் 2 சென்டிமீட்டர் சுமாருக்கு இருக்கும். 3-ஐ தாண்டினா வீக்கம்னு பேரு, ஆம்பளைங்களுக்கு 5.5-ஐ தொட்டா வெடிக்கிற ஆபத்து ஆபரேஷன் ஆபத்தை விட பெரிசாயிடுதுன்னு சரி பண்ணிடறோம். அப்பாவுது 5.8, அதனால ஆபரேஷன் தேவைங்கறதுல குழப்பமே இல்ல.

இப்போ குடல் கதைக்கு வர்றேன். வாய்க்கால் போற வழியில ஜீரண உறுப்புகளுக்குன்னு முன்பக்கமா மூணு மடை இருக்கு. மேல இருக்கிறது இரைப்பை, கல்லீரல், மண்ணீரலுக்கு. நடுவுல இருக்கிறதுதான் பெரிய ஆளு, சிறுகுடல் கிட்டத்தட்ட முழுசும், பெருங்குடல்ல வலதுபக்கமும் அதோட பொறுப்பு. மூணாவது கீழ, பொடிசு, பெருங்குடலோட இடதுபக்கம், அதுக்கடுத்து எஸ் மாதிரி வளையுற சிக்மாய்டு, மலக்குடலோட மேல்பாகம், இதுக்கெல்லாம் அதுதான். வீக்கம் பெரும்பாலும் கிட்னிக்குப் போற குழாய்க்குக் கீழதான் வரும், அந்த மூணாவது மடை சரியா அந்த வீக்கத்து மேலயே உக்காந்திருக்கும். ஆபரேஷன்ல என்ன பண்றாங்கன்னா மேலயும் கீழயும் கிளாம்ப், அதாவது ரத்தத்தை நிறுத்தற இடுக்கி போட்டு, வீக்கத்தைத் திறந்து, உள்ள படிஞ்சிருக்கிற பழைய ரத்தக்கட்டியை வழிச்சு எடுத்துட்டு, துணி மாதிரி இருக்கிற செயற்கைக் குழாயை உள்ள வச்சு தைக்கிறாங்க. அந்த மூணாவது மடையை? அனேகமா தையல் போட்டு மூடிடுவாங்க.

மூடிட்டா இடதுபக்க குடல் என்ன ஆகும்னு கேப்பீங்க. பெரும்பாலும் ஒண்ணும் ஆகாது. ஏன்னா பெருங்குடலோட ஓரத்துலயே ஒரு சின்ன குழாய் கூடவே ஓடிக்கிட்டு வரும், நடுமடை ரத்தத்தை அது இடதுபக்கத்துக்கும் கொண்டுபோய் விடும், கீழேர்ந்து இடுப்புக்குள்ள போற குழாய்ங்களும் கை கொடுக்கும். இன்னொண்ணு, பலபேருக்கு வீக்கத்துக்குள்ள படிஞ்ச கட்டி அந்த மூணாவது மடையை வருஷக்கணக்குல மெதுவா அடைச்சே வச்சிருக்கும், குடலும் வேற வழி பார்த்துக்கிட்டு பழகியிருக்கும், அவங்களுக்கு மூடினா ஒரு நஷ்டமும் இல்ல.

வம்பு எங்கன்னா, இந்த சுத்துவழி எல்லாருக்கும் ஒரே மாதிரி அமையறதில்ல. மண்ணீரல் பக்கத்து வளைவுலயும், சிக்மாய்டு மலக்குடலோட சேர்ற இடத்துலயும் சிலருக்கு இணைப்பு மெலிசா இருக்கும். கடைமடைன்னு சொல்லுவோமே, அதேதான். தண்ணி தாராளமா வந்தா கடைமடையும் நனையும், கொறஞ்சா முதல்ல காயறது அதுதான். ஆபரேஷன்ல ரத்தம் நிறைய போயி, பி.பி. இறங்கி, கிளாம்ப் நேரமும் நீண்டுபோச்சுன்னா மாட்டறது அந்த இடம்தான். முன்கூட்டி திட்டம் போட்டு பண்ற ஓப்பன் ஆபரேஷன்ல இது வெளிப்படையா பிரச்சனையா வர்றது 100 பேர்ல 1லேர்ந்து 3 பேருக்கு. வீக்கம் வெடிச்சு ஓடிவர்றவங்களுக்கு அதைவிடப் பல மடங்கு. அப்பா முதல் வகை, அதை நினைச்சு கொஞ்சம் மூச்சு விடுங்க.

கேள்வி: இதயத்துக்கு ஈசிஜி இருக்கு, மூச்சுக்கு விரல்ல கிளிப் மாட்டறாங்க. ஆபரேஷன் நடக்கும்போது குடலுக்கு ரத்தம் போகுதான்னு காட்டற மானிட்டர் ஏதாவது உண்டா? இல்ல கண்ணால பார்த்து முடிவு பண்றதுதானா? (ஓய்வுபெற்ற இன்ஜினியர்)

பதில்: சார், நறுக்குனு கேட்டீங்க. அப்படி எல்லாரும் நம்பி மாட்டற ஒரே மானிட்டர் இன்னிக்கு வரைக்கும் இல்ல. பல பேர் முயற்சி பண்ணியிருக்காங்க, ஒவ்வொண்ணும் உண்மையில ஒரு பாதியைத்தான் சொல்லும்.

முதல்ல கண்ணு, கை. குடல் ரோஸ் கலர்ல இருக்கா, புழு மாதிரி நெளியுதா, குடலைப் பிடிச்சிருக்கிற மடிப்புல துடிப்பு தட்டுதா, இதைத்தான் சர்ஜன் வயித்தை மூடறதுக்கு முன்னாடி பார்ப்பாரு. அனுபவசாலி கண்ணு லேசுப்பட்டது இல்ல. ஆனா அது பார்க்கிறது குடலோட வெளிச்சட்டையை. குடலுக்குப் போற ரத்தத்துல பெரும்பங்கை உறிஞ்சறது உள்சவ்வு, ரத்தம் கொறஞ்சா முதல்ல சாகறதும் அதுதான், வெளிச்சுவர் கடைசியாதான் நிறம் மாறும். ரொம்ப வருஷம் முன்னாடி ஒருத்தருக்கு நான் மயக்க மருந்து கொடுத்தேன், மூடும்போது சர்ஜன் குடலை எடுத்து எங்க எல்லாருக்கும் காட்டினாரு, பார்க்கவே அழகா ரோஸா இருந்துச்சு, நானும் தலையாட்டினேன். ரெண்டாவது நாள் ராத்திரி அவருக்கு ரத்தமா மோஷன் போச்சு, ஸ்கோப், அதாங்க கேமரா வச்ச குழாய், விட்டுப் பார்த்தா உள்ள திட்டுத்திட்டா வெளுத்து புண்ணாகியிருந்துச்சு. நல்லவேளை ஆழமா போகல, மருந்துலயே தேறிட்டாரு. அன்னிலேர்ந்து "ரோஸா இருக்கு"ன்னு யாராவது சொன்னா நான் தலையாட்டறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிப்பேன்.

அடுத்தது, அந்த மூணாவது மடையே சொல்ற சாட்சி. வீக்கத்தைத் திறந்ததும் அதோட வாயிலேர்ந்து ரத்தம் பின்னாடி வழியா எப்படி வருதுன்னு பார்ப்பாங்க. துடிச்சுக்கிட்டு நல்லா பீச்சினா சுத்துவழி பலமா இருக்குன்னு அர்த்தம், தைரியமா கட்டிடலாம். வாய் திறந்திருக்கு ஆனா ரத்தம் சொட்டுச்சொட்டாதான் வருது, இல்ல வரவே இல்லன்னா அதுதான் உஷார் மணி, கட்டாம புதுக்குழாயோட சேர்த்து தைச்சு விடறதுதான் பாதுகாப்பு. இதையே நம்பரா பார்க்க விரும்பறவங்க அந்த வாய்க்குள்ள சின்ன டியூப் விட்டு அழுத்தத்தை அளப்பாங்க. கை தமனியில இருக்கிற அழுத்தத்துல 40 சதவீதத்துக்கு மேல அங்கயும் இருந்தா பெரும்பாலும் பயம் இல்லைன்னு ரொம்ப காலமா ஒரு கணக்கு. எளிமையான, செலவில்லாத வித்தை, எனக்கு ரொம்பப் பிடிச்சது இதுதான், ஆனா ஏனோ பரவலா யாரும் செய்யறதில்ல.

டாப்ளர் பேனா இருக்கு, ரத்த ஓட்டத்தை சத்தமா மாத்திக் காட்டற கருவி. கிருமிநீக்கம் பண்ண உறையில போட்டு குடல் மேல வச்சா உஷ் உஷ்னு சத்தம் வரும். ரத்தக்குழாய் உள்ள வர்ற ஓரத்துல சத்தம் கேக்கறது பெரிய விஷயம் இல்ல, அதுக்கு நேர் எதிர் ஓரத்துல கேக்கணும், அதுதான் கடைமடை. ஆனா உடம்பு குளிர்ந்து குழாய்ங்க சுருங்கியிருந்தா நல்ல குடல்லயும் சத்தம் தேய்ஞ்சு போகும், அதே மாதிரி பெரிய குழாயில சத்தம் கேட்டதால உள்சவ்வு வரைக்கும் ரத்தம் போயிடுச்சுன்னும் சொல்ல முடியாது. விரல்ல மாட்டற அதே கிளிப் டெக்னிக்கை குடல் மேல வச்சும் பார்த்திருக்காங்க, அதுக்கு துடிப்பு வேணும், துடிப்பு மங்கலான நேரத்துலதான் நமக்கு பதில் வேணும், அப்போ பார்த்து அது கைவிரிச்சுடும்.

உள்சவ்வையே நேரடியா கேக்கணும்னு 1980கள்ல ஒரு யோசனை வந்துச்சு. சின்ன சிலிக்கான் பலூனை ஆசனவாய் வழியா சிக்மாய்டுக்குள்ள வச்சிடறது. ரத்தம் கொறஞ்ச இடத்துல கார்பன் டை ஆக்சைடு தேங்கும், அது பலூனுக்குள்ள கசியும், அதை அளந்து உள்சவ்வோட அமிலத்தன்மையைக் கணக்கு போடறது. யோசனை பிரமாதம், ஆபரேஷன் அன்னிக்கே யாருக்கு பிரச்சனை வரும்னு ஓரளவு சொன்னதும் உண்மை. ஆனா பலூன்ல உப்புத்தண்ணி ஊத்தி சமநிலைக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கு அரை மணியோ ஒரு மணியோ ஆகும், அதுக்குள்ள கிளாம்பே எடுத்திருப்பாங்க. அப்புறம் காத்து வச்சு வேகமாக்கினாங்க, இருந்தும் இன்னிக்கு அதை ஆபரேஷன் தியேட்டர்ல பார்க்கிறது அபூர்வம்.

இப்போ பேசப்படறது ரெண்டு. ஒண்ணு பச்சை சாயம், அதுக்குத் தனியா ஒருத்தர் கேட்டிருக்காரு, கீழ சொல்றேன். இன்னொண்ணு ஒளி. மெலிசான ஒரு கம்பியை உள்சவ்வு மேல வச்சு வெள்ளை வெளிச்சம் பாய்ச்சினா, திரும்பி வர்ற நிறத்தை வச்சு அங்க ரத்தத்துல ஆக்சிஜன் எவ்வளவுன்னு நொடிக்கு நொடி காட்டும். இதுக்கு துடிப்பு தேவையே இல்ல, அதான் இதோட பலம். நல்ல குடல்ல 70 சதவீதம் பக்கம் நிக்கும். விரல்ல 98 பார்த்துப் பழகினவங்க இதைப் பார்த்து பதறிடுவாங்க. விரல் கிளிப் தமனி ரத்தத்தை மட்டும் எண்ணும், இது நுண்குழாய்ங்கள்ல போறதும் வர்றதும் கலந்து எண்ணும், அதனாலதான் நம்பர் கம்மி. கிளாம்ப் போட்டதும் அது சரிஞ்சு, எடுத்ததும் மேல ஏறிச்சுன்னா நிம்மதி. ஏறவே இல்லைன்னா சர்ஜனை "கொஞ்சம் நில்லுங்க"ன்னு சொல்ல ஒரு ஆதாரம் கிடைக்குது. குறை என்னன்னா அது தொட்டுக்கிட்டிருக்கிற அந்த ஒரு புள்ளியை மட்டும்தான் சொல்லும், நாலு விரல்கடை தள்ளி என்ன நடக்குதுன்னு அதுக்குத் தெரியாது.

கேள்வி: நர்ஸா இருக்கேன் சார். குடல் பச்சையா மின்னற மாதிரி ஒரு வீடியோ பார்த்தேன், ஏதோ சாயம் போடறாங்களாம். அது பாதுகாப்பா? எல்லா சந்தேகமும் அதுலயே தீர்ந்துடுமா?

பதில்: அந்த சாயம் பேரு இண்டோசயனின் கிரீன், சுருக்கமா ஐசிஜி. புதுசுன்னு நினைச்சுக்காதீங்க தங்கச்சி, 1950கள்ல கோடாக் கம்பெனிக்காரங்க போட்டோ வேலைக்காக உருவாக்கினது, 1959ல அமெரிக்காவுல மனுஷங்களுக்குப் போட அனுமதி கிடைச்சுது. அப்போ இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுதுன்னு அளக்க பயன்படுத்தினாங்க, குடலுக்கு வந்தது பிற்பாடுதான்.

நரம்புல போட்டதும் ரத்தத்துல இருக்கிற புரதத்தோட ஒட்டிக்கிட்டு குழாய்க்குள்ளயே சுத்தும். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியை, சுமார் 800 நானோமீட்டர் அளவுல அடிச்சா அது கொஞ்சம் நீண்ட அலைநீளத்துல திருப்பி ஒளிரும், கேமரா அதைப் பிடிச்சு பச்சையா பூசிக் காட்டும். ஒரு நிமிஷம் போல காத்திருந்தா ரத்தம் போற குடல் பளிச்சுன்னு வரும், போகாத இடம் இருட்டா நிக்கும், எல்லை எங்கன்னு சாக்பீஸ்ல கோடு போட்ட மாதிரி தெரியும். கல்லீரல் 3, 4 நிமிஷத்துக்கு ஒருமுறை பாதிப்பாதியா பித்தத்துல தள்ளிடும், கிட்னிக்கு வேலை இல்ல, அயோர்ட்டா பேஷன்ட்டுக்கு கிட்னி ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறதால இது பெரிய வசதி. மருந்துல கொஞ்சம் அயோடைடு கலந்திருக்கு, அதனால அயோடின் அலர்ஜி இருக்கான்னு கேட்டுட்டு போடறது முறை, பெரிய ரியாக்‌ஷன் அபூர்வம். உங்க வேலைக்கு ஒரு தகவல், சாயம் உள்ள போனதும் விரல் கிளிப்ல ஆக்சிஜன் நம்பர் கொஞ்ச நேரம் பொய்யா இறங்கிக் காட்டலாம், பேஷன்ட் கெட்டுப்போகல, சாயம் மெஷினை ஏமாத்துது, அவ்வளவுதான்.

எல்லாம் தீர்ந்துடுமான்னு கேட்டா இல்ல. பளிச்சுங்கறது எவ்வளவு பளிச்சு? கேமராவைக் கிட்ட கொண்டு போனாலே கூடுதலா மின்னும். ரெண்டாவது டோஸ் போட்டா முதல் டோஸோட மிச்சமும் சேர்ந்து மின்னி ஏமாத்தும். எவ்வளவு வேகமா ஒளி ஏறுதுன்னு கம்ப்யூட்டர் வச்சு நம்பராக்க முயற்சி பண்றாங்க, நல்ல முயற்சிதான், ஆனா எல்லாரும் ஒத்துக்கிட்ட அளவுகோல்னு இன்னும் ஒண்ணு நிலைக்கல. அது ஒரு போட்டோ மாதிரின்னு வச்சுக்கோங்க. அந்த நிமிஷம் நல்லா இருந்துச்சுன்னு சொல்லும், ராத்திரி பி.பி. இறங்கினா என்ன ஆகும்னு அதுக்கு எப்படித் தெரியும்.

கேள்வி: இத்தனை கருவி இருந்தும் எல்லா ஆஸ்பத்திரியிலயும் ஏன் கட்டாயமாக்கல? காசு மிச்சம் பிடிக்கத்தானே? (கோபமாக ஒரு வாசகர்)

பதில்: கோபம் புரியுது சார், ஆனா காசு மட்டும் காரணம் இல்ல. ஒரு மானிட்டரை கட்டாயமாக்கணும்னா மூணு விஷயம் சொல்லத் தெரியணும், எந்த நம்பருக்குக் கீழ ஆபத்து, அப்போ என்ன பண்ணணும், அப்படிப் பண்ணினதால ஆளுங்க பிழைச்சாங்களா. முதல் கேள்வியிலயே ஆளாளுக்கு ஒரு நம்பர் சொல்றாங்க. பிரச்சனை 100ல 1லேர்ந்து 3 பேருக்குத்தான் வருதுங்கறதால கருவி உதவிச்சுன்னு நிரூபிக்க ஆயிரக்கணக்கான பேரை வச்சு பார்க்கணும், அது லேசுல முடியற காரியம் இல்ல. தப்பா பயமுறுத்தற கருவியும் ஆபத்துதான், தேவையில்லாம மூணாவது மடையை இணைக்கப்போயி அரை மணி நேரம் கூடி அதனால ரத்தம் போனா அதுவும் குடலுக்குத்தான் கேடு.

அதுக்கும் மேல ஒரு காரணம் இருக்கு, என்னைக் கேட்டா அதுதான் முக்கியம். நிறைய பேருக்கு குடல் கெடறது தியேட்டர்ல இல்ல, வயித்தை மூடினதுக்கு அப்புறம், ஐசியூல. கேமராவும் பேனாவும் மூட்டை கட்டி வச்ச பிறகு.

கேள்வி: மயக்க மருந்து டாக்டருக்கு இதுல என்ன வேலை? தூங்க வைக்கிறதோட சரியா?

பதில்: வாங்க, இந்தக் கேள்விக்குத்தான் காத்துக்கிட்டிருந்தேன்!

ஓய்வா இருக்கும்போது இதயம் தள்ளுற ரத்தத்துல ஏறக்குறைய அஞ்சுல ஒரு பங்குலேர்ந்து நாலுல ஒரு பங்கு வரைக்கும் ஜீரண உறுப்புங்களுக்குப் போகுது. உடம்புக்கு நெருக்கடி வந்தா மூளையையும் இதயத்தையும் காப்பாத்த முதல்ல பட்டினி போடறது குடலைத்தான். அதனால ரத்தம் லேசா கொறைஞ்சாக்கூட கையில பி.பி. 120னு ஜம்முனு நிக்கும், குடல் அதுக்குள்ள காய ஆரம்பிச்சிருக்கும். இதுல பி.பி. ஏத்தற மருந்தை வேற நான் கூட்டிக்கிட்டே போனேன்னா, நம்பர் அழகாயிடும், டோஸ் கூடக்கூட சில மருந்துங்க குடல் குழாயை இறுக்கிடும். மானிட்டர் சிரிக்கும், குடல் அழும். அதனால மருந்தைத் திருகறதுக்கு முன்னாடி ரத்தமும் தண்ணியும் போதுமான்னு பார்க்கணும், தண்ணியையும் அள்ளிக் கொட்டக்கூடாது, கொட்டினா குடல் ஊதி அதுவே ரத்தத்தை அமுக்கும். ஆளை சூடா வச்சுக்கணும். கிளாம்ப் எடுக்கிற நிமிஷம்தான் ரொம்ப உஷார், காலுக்கு திடீர்னு ரத்தம் பாய்ஞ்சு பி.பி. தொபீர்னு விழும், சர்ஜன் "எடுக்கப் போறேன்"னு முன்கூட்டி குரல் கொடுத்து, மெதுமெதுவா தளர்த்தினாருன்னா அதை விட பெரிய உதவி எனக்கு இல்ல.

ஒரு வேடிக்கையும் சொல்றேன். ஆரம்பத்துல சர்ஜன் சிறுகுடலை அள்ளி ஒருபக்கமா ஒதுக்குவாரு இல்லையா, அந்த இழுப்புல குடல் ஒரு ரசாயனத்தை விட்டு, சிலருக்கு முகமெல்லாம் குப்புனு செவந்து பி.பி. இறங்கி நாடி ஓடும். வயித்துக்குள்ள நடக்கிறது திரைக்கு இந்தப் பக்கம் முகத்துல தெரியுது பாருங்க. முதல் தடவை பார்க்கிற ஜூனியர் மருந்து அலர்ஜின்னு பதறுவாரு.

கேள்வி: ஆபரேஷன் முடிஞ்சு ஐசியூல லாக்டேட் 4னு சொன்னாங்க, நெட்ல தேடினா "குடல் அழுகல்"னு போட்டிருக்கு, தூக்கமே போச்சு.

பதில்: நெட்டை மூடுங்க முதல்ல. லாக்டேட்ங்கறது ஆக்சிஜன் பத்தாதப்போ சதை வெளிய விடற ஒரு கழிவு, ரத்தம் பத்தாத எந்த சதையும் அதை விடும். கிளாம்ப் போட்டிருந்தப்போ காலு ரெண்டும் பட்டினி கிடந்துச்சு, எடுத்ததும் அங்க தேங்கினது எல்லாம் அடிச்சுக்கிட்டு வரும், முதல் சில மணி நேரம் நம்பர் ஏறித்தான் இருக்கும். கல்லீரல் அதை சுத்தம் பண்ண பண்ண இறங்கணும். இறங்குதான்னு பாருங்க, ஒத்தை நம்பரை வச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. இறங்கினது திரும்ப ஏறுது, இல்ல இறங்கவே மாட்டேங்குது, கூடவே ரத்தத்துல அமிலம் கூடுது, பி.பி. மருந்து டோஸ் ஏறிக்கிட்டே போகுதுன்னா அப்போ குடல் மேல சந்தேகம் வந்தே ஆகணும். அதேசமயம் லாக்டேட் நார்மல்னு குடலும் நார்மல்னு எழுதிக் கொடுக்க முடியாது, சின்ன பகுதி கெட்டிருந்தா கல்லீரல் அதை சத்தமில்லாம துடைச்சுடும்.

கேள்வி: எந்த அறிகுறி வந்தா உடனே சொல்லணும்? அப்படி வந்துட்டா அடுத்து என்ன பண்ணுவாங்க? (மறுபடியும் அந்த மகள்)

பதில்: பொதுவா இந்த ஆபரேஷனுக்கப்புறம் சில நாள் குடல் தூங்கும், மோஷன் வராது, அதுதான் வழக்கம். அதனால முதல் ரெண்டு மூணு நாளுக்குள்ள சீக்கிரமே மோஷன் போனாலே, அது தண்ணியா போனாலும் சரி, ரத்தமா போனாலும் சரி, "அப்பாடா குடல் வேலை செய்யுது"ன்னு சந்தோஷப்படாம நர்ஸை கூப்பிடுங்க. இடதுபக்கம் வயித்துவலி கூடறது, வயிறு உப்பறது, ஜுரம், குழப்பமா பேசறது, யூரின் கொறையறது இதெல்லாம் கூட. மூச்சுக்குழாய் மாட்டி தூக்க மருந்துல இருக்கிறவங்க வலின்னு சொல்ல முடியாது, அவங்களுக்கு நாங்கதான் நம்பர்களை வச்சு மோப்பம் பிடிக்கணும்.

சந்தேகம் வந்தா படுக்கையிலேயே வளையுற ஸ்கோப்பை விட்டு சிக்மாய்டு வரைக்கும் பார்ப்போம். உள்சவ்வை நேரா பார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. மேலாப்புல வெளுப்பும் சின்ன புண்ணும்னா குடலுக்கு ஓய்வு, டிரிப், ஆன்டிபயாடிக், தேவைப்பட்டா மறுநாள் மறுபடி ஸ்கோப், பெரும்பாலும் தேறிடும். கருத்துப்போயி சுவர் முழுசும் போயிருச்சுன்னா தாமதிக்காம திறந்து அந்தப் பகுதியை எடுத்துட்டு, வயித்துல வழி வச்சு பை மாட்டுவாங்க, அதை சில மாசம் கழிச்சு பலபேருக்கு திரும்ப உள்ள இணைக்க முடியும். மறைக்காம சொல்றேன், அந்த நிலைமைக்குப் போனா உயிர் ஆபத்து பெரிசு, பாதிப்பேர் வரை இழந்துடறோம். அதனாலதான் ஒரு ஸ்கோப் வீணா போட்டுட்டோமேன்னு யாரும் வருத்தப்படறதில்ல. கஷ்டம் என்னன்னா எவ்வளவு ஆழம்னு ஸ்கோப் சரியா சொல்லாது, அங்க மறுபடியும் சர்ஜனோட அனுபவம்தான்.

இன்னொரு விஷயத்தையும் ஐசியூல அளப்போம், வயித்துக்குள்ள அழுத்தம். யூரின் டியூப் வழியாவே பார்த்துடலாம். 12 மி.மீ. மெர்க்குரிக்கு மேல போனா கவனிக்கணும், 20-ஐ தாண்டி கிட்னியோ மூச்சோ திணற ஆரம்பிச்சுதுன்னா வயித்தையே திறந்து விட வேண்டி வரும், இல்லேன்னா உள்ள இருக்கிற குடல் தன் வீக்கத்தாலயே தன்னை நசுக்கிக்கும். வெடிச்சு வந்தவங்களுக்கு இது அதிகம்.

கேள்வி: தொடை வழியா ஸ்டென்ட் வச்சா இந்தத் தொல்லையே இல்லைனு சொல்றாங்களே?

பதில்: கம்மி, ஆனா இல்லைனு சொல்ல முடியாது. 1990ல அர்ஜென்டினாவுல ஹுவான் பரோடி முதல்ல செஞ்சு காட்டின முறை இது. வயித்தைத் திறக்கிறதில்ல, நீண்ட நேரம் கிளாம்ப் இல்ல, ரத்தப்போக்கும் கம்மி, குடல் கெடறதும் ஓப்பனை விடக் குறைவுதான். ஆனா அந்த ஸ்டென்ட்டோட துணி உறை மூணாவது மடையை உள்ளேர்ந்து மூடத்தான் செய்யும். கம்பியும் டியூபும் உள்ள உரசும்போது சுவர்ல இருக்கிற கட்டி பொடிப்பொடியா உதிர்ந்து குடலோட நுண்குழாய்ங்கள்ல போய் அடைச்சுக்கறதும் உண்டு, சுத்துவழி எவ்வளவு நல்லா இருந்தாலும் இதுக்கு மருந்து இல்ல. இடுப்புக்குள்ள போற ரெண்டு குழாயையும் மூட வேண்டி வந்தா கீழேர்ந்து வர்ற உதவியும் போச்சு, அதனால ஒண்ணையாவது காப்பாத்தற கிளை ஸ்டென்ட் இப்போ வந்திருக்கு. வயிறு மூடியே இருக்கிறதால பார்க்கவும் தொடவும் முடியாது, அங்கதான் உள்ள வைக்கிற அந்த ஒளிக்கம்பிக்கு அர்த்தம் அதிகம்.

கேள்வி: நெஞ்சுலேர்ந்து வயிறு வரைக்கும் வீக்கம் இருந்தா?

பதில்: அது வேற லெவல் ஆபரேஷன். கிளாம்ப் மூணு மடைக்கும் மேல விழும், கல்லீரல், சிறுகுடல், கிட்னி எல்லாத்துக்கும் ஒரே நேரத்துல தண்ணி நிக்கும். அதனால பம்ப் வச்சு, பலூன் முனை டியூப்ங்களை ஒவ்வொரு மடை வாயிலயும் சொருகி ரத்தத்தை உள்ள தள்ளிக்கிட்டே தைப்பாங்க. தண்டுவடத்துக்கும் தனி காவல் வேணும். அதை எழுத இந்தப் பக்கம் பத்தாது.

கேள்வி: பத்து வருஷம் முன்னாடி பெருங்குடல்ல ஒரு பகுதி எடுத்திருக்காங்க. இப்போ அயோர்ட்டாவுக்கு ஆபரேஷன். பழைய கதையை சொல்லணுமா டாக்டர்?

பதில்: கட்டாயம் சொல்லுங்க, பழைய டிஸ்சார்ஜ் சம்மரி இருந்தா கையோட கொண்டு போங்க. குடலை வெட்டும்போது ஓரமா ஓடுற அந்த இணைப்புக் குழாயும் சேர்ந்து போயிருக்கலாம், அப்போ உங்களுக்கு சுத்துவழியே கிடையாது, மூணாவது மடையைக் கட்டலாமா கூடாதாங்கற முடிவே மாறிடும். இடுப்புப் பக்கம் ரேடியேஷன் எடுத்திருந்தா அதையும் சொல்லுங்க. சாப்பிட்டதும் வயிறு வலிச்சு, அந்த பயத்துலயே சாப்பாட்டைக் குறைச்சு எடை இறங்கியிருந்தா அதையும், ஏன்னா நடுமடையே சுருங்கியிருக்குன்னு அர்த்தமா இருக்கலாம். சி.டி. ஸ்கேன்ல இந்த மூணு மடையும் இடுப்புக் குழாயும் தெரியும், "அதையும் பார்த்தீங்களா"ன்னு சர்ஜன்கிட்ட கேக்கறதுல தப்பே இல்ல. சிகரெட் பிடிக்கிறவரா இருந்தா, இன்னிக்கே நிறுத்துங்க.